“எத்தனை மணிக்கு அடிபட்டது?” - எமர்ஜென்சி டாக்டர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

“ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு... டாக்டர் என்னடான்னா நின்னு கதை கேட்டுக்கிட்டு இருக்காரு!”

எமர்ஜென்சி வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் கோபக் குரல் இது. பைக்கிலிருந்து விழுந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பார் அண்ணன். சட்டையெல்லாம் ரத்தம். ஒரு நர்ஸ் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருப்பார், இன்னொருவர் பிரஷர் பார்ப்பார். டாக்டர் மட்டும் அண்ணன் பக்கம் திரும்பி, “எத்தனை மணிக்கு அடிபட்டது?” என்பார்.

“ஒன்பது, ஒன்பதரை இருக்கும் சார்...”

“ஒன்பதா, ஒன்பதரையா?”

உயிர் போய்க்கொண்டிருக்கும்போது இந்த அரை மணி நேரக் கணக்கு எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால், அந்தக் கேள்விக்குப் பின்னால் 20,211 நோயாளிகள் இருக்கிறார்கள். 40 நாடுகளைச் சேர்ந்த அவர்களிடமிருந்து கிடைத்த பாடம்தான் அந்தக் கேள்வி.

ஒரே ஊசி... இரண்டு முகம்!

விபத்தில் அடிபடுபவர்கள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று ரத்தப்போக்கு. உடம்பு சும்மா இருப்பதில்லை. காயம்பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைத்து அடைக்கப் பார்க்கும். அதே உடம்பில், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் வேலையும் நடக்கும். பெரிய காயங்களில் சில நேரம் இந்தக் கரைக்கும் வேலை எல்லை மீறிவிடும். ஒரு பக்கம் அணை கட்டக் கட்ட, மறுபக்கம் யாரோ கல்லை உருவுவது போல.

கல்லை உருவும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் மருந்துதான் ட்ரானெக்ஸாமிக் ஆசிட். புது மருந்து இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. மாதவிடாயின்போது அதிக ரத்தப்போக்கு இருக்கும் பெண்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பதும் இதுதான்.

இதை விபத்து நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டால் உயிர் பிழைப்பார்களா? லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸ், ஹலீமா ஷக்கூர் தலைமையிலான குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஆய்வின் பெயர் ‘க்ராஷ்-2’. 274 மருத்துவமனைகள் பங்கேற்றன. அவற்றில் இந்திய மருத்துவமனைகளும் உண்டு. முடிவு 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது.

மருந்து இல்லாத வெறும் ஊசி போடப்பட்டவர்களில் 1,613 பேர் இறந்திருந்தார்கள். மருந்து போடப்பட்டவர்களில் 1,463 பேர். இரண்டு பக்கமும் தலா பத்தாயிரம் பேர். வித்தியாசம், 150 உயிர்கள்.

அடுத்த கட்டமாக, ஊசி எப்போது போடப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார்கள். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில், மருந்து கிடைக்காதவர்களில் ஆயிரத்துக்கு 77 பேர் ரத்தப்போக்கால் இறந்தார்கள். மருந்து கிடைத்தவர்களில் 53 பேர்தான். ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரையிலும் பலன் இருந்தது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிப் போட்டபோது கணக்கு தலைகீழானது. மருந்து இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 31 பேர் ரத்தப்போக்கால் இறந்திருக்க, மருந்து போட்டவர்களில் 44 பேர் இறந்திருந்தார்கள்.

அதாவது, அதே ஊசி ஒன்பது மணிக்கு அடிபட்டவருக்குப் பதினோரு மணிக்குப் போட்டால் காப்பாற்றலாம். நள்ளிரவு தாண்டிப் போட்டால் கெடுதலாகவும் முடியலாம். இப்போது சொல்லுங்கள்... “ஒன்பதா, ஒன்பதரையா?” என்று டாக்டர் கேட்பது வெட்டிக் கேள்வியா?

அனுபவம் போதாதா?

‘இத்தனை வருஷம் சர்வீஸ் உள்ள டாக்டருக்கு எது வேலை செய்யும், எது செய்யாது என்று தெரியாதா? இதற்கு ஏன் 20,000 பேரை வைத்து ஆய்வு?’

நியாயமான சந்தேகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். க்ராஷ்-2 முடிவுப்படி, சுமார் 67 பேருக்கு இந்த ஊசி போட்டால் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார். மீதி 66 பேருக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். இந்த ஒருவரை எந்த டாக்டரின் கண்ணாலும் தனியாகப் பார்க்க முடியாது. பிழைத்தவரின் நெற்றியில் ‘இந்த ஊசியால் பிழைத்தேன்’ என்று எழுதியிருக்காது.

நல்லது மட்டுமல்ல, கெட்டதும் அப்படித்தான் கண்ணில் படாமல் போகும். அதற்கு ஒரு கசப்பான உதாரணம், இதற்கு முன்பு இதே இயன் ராபர்ட்ஸும் சக ஆய்வாளர்களும் நடத்திய முதல் ‘க்ராஷ்’ ஆய்வு.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல நாடுகளில் இருந்தது. அடிபட்ட மூளை வீங்கும், ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், அதனால் நோயாளிக்கு நல்லது. கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? போட்ட டாக்டர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். பிழைத்தால் ‘ஸ்டீராய்டு காப்பாற்றியது’ என்றும், இறந்தால் ‘அடி பலமானது’ என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

இதைச் சோதிக்க 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004-ல் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. காரணம், இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை. ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 1,052 பேர் இறந்திருந்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் 893 பேர். காப்பாற்றுவதாக நினைத்துப் போட்ட மருந்து, அந்த ஆய்வில் மட்டும் 159 மரணங்களைக் கூடுதலாக்கியிருந்தது.

பெரிய அளவில் ஆய்வு நடக்காத அந்த 30 ஆண்டுகளில் உலகம் முழுக்க எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்கள்? அதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி?

‘அப்போ, பாதிப் பேருக்கு வேண்டுமென்றே மருந்து கொடுக்காமல் விட்டார்களா?’ என்று மனசு பதறுவதும் இயல்புதான்.

இத்தகைய ஆய்வுகளுக்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. முதல் விதி, மருந்தால் நன்மையா, தீமையா என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் ஆய்வு நடத்த முடியும். ‘இந்த நோயாளிக்கு இந்த ஊசி கண்டிப்பாக வேண்டும்’ என்று டாக்டர் நினைத்தால், அவரை க்ராஷ்-2 ஆய்வில் சேர்க்கக் கூடாது, நேரடியாக மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். ரத்தம் ஏற்றுவது, ஆபரேஷன் எனத் தேவையான மற்ற சிகிச்சைகள் எல்லோருக்கும் உண்டு.

இரண்டாவது, யாருக்கு எது என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எண் போட்ட பெட்டிகள் மருத்துவமனையில் இருக்கும். உள்ளே இருப்பது மருந்தா, வெறும் திரவமா என்பது ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்தால், பிழைக்கக்கூடியவராகப் பார்த்து மருந்தைக் கொடுத்துவிடலாம், மனசு கேட்காமல் ஒருவரைக் கூடுதலாகக் கவனிக்கலாம். அப்படி நடந்தால் முடிவு பொய்யாகிவிடும்.

மூன்றாவதுதான் எமர்ஜென்சி ஆய்வுகளின் பெரிய சிக்கல். நோயாளியின் சம்மதம். மயக்கத்தில் கிடப்பவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? உறவினர் இருந்தால் அவரிடம் கேட்பார்கள். யாரும் இல்லை என்றால், அந்தந்த இடத்தின் நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதித்த முறைப்படிதான் சேர்க்கலாம். நோயாளி தெளிந்ததும் அவரிடம் சொல்லிச் சம்மதம் கேட்பார்கள். ஆய்வுக்கு வெளியே ஒரு தனிக்குழு, வரும் எண்ணிக்கைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு ஆய்வு நிறுத்தப்படக் காரணமாக இருந்தது அப்படியொரு குழுதான்.

முதுகில் குழந்தை, கையில் சோதனைக் குழாய்

ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாக்கோ ஒகமோட்டோவும் அவரின் கணவர் ஷொசுகே ஒகமோட்டோவும். ஆண்டு 1962. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதிகள் குறைவாக இருந்த காலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி அது. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் உட்டாக்கோ.

பிரசவத்தின்போது ரத்தப்போக்கால் இறக்கும் பெண்களுக்கு இந்த மருந்து உதவும் என்பது அவர் ஆசை. ஆனால், அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வை நடத்த டாக்டர்களைச் சம்மதிக்கவைக்க அவரால் முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, க்ராஷ் ஆய்வுகளை நடத்திய அதே லண்டன் நிறுவனம் ‘வுமன்’ என்ற பெயரில் அந்த ஆய்வை நடத்தியது. 21 நாடுகளில் 20,060 பெண்கள். பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால், ரத்தப்போக்கு மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முடிவு வெளியானது 2017-ல். உட்டாக்கோ அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில் காலமாகியிருந்தார்.

சரி, ரத்தப்போக்கு என்றாலே இந்த ஊசிதானா? அதுவும் இல்லை. ரத்த வாந்தி எடுப்பவர்களுக்கு, அதாவது வயிறு, குடலில் ரத்தம் கசிபவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது ‘ஹால்ட்-இட்’ ஆய்வு. 12,009 பேர். 2020-ல் வந்த முடிவு, மரணம் குறையவில்லை என்பதுதான். ரத்தக்குழாய் அடைப்பும் வலிப்பும் சற்று அதிகமாகவே இருந்தன. ‘அங்கே வேலை செய்தது, இங்கேயும் செய்யும்’ என்று அனுமானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதனால், இதைப் படித்துவிட்டு யாரும் இந்த மாத்திரையைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்!

சோளக்காட்டில் விழுந்த விமானம்

ஆய்வு முடிவு இதழில் வந்துவிட்டால் மட்டும் யாரும் பிழைத்துவிட மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், நான்கு நோயாளிகளுக்கு நடுவே நிற்கும் டாக்டரின் கைக்கு அது வர வேண்டும். அதற்குப் பெயர்தான் பயிற்சி.

இந்தப் பயிற்சியின் வரலாற்றில் ஒரு குடும்பத்தின் துயரக் கதை இருக்கிறது. 1976 பிப்ரவரி. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், மனைவி, நான்கு குழந்தைகளுடன் தன் சிறிய விமானத்தை ஓட்டிச் சென்றபோது, அது நெப்ராஸ்கா மாநிலத்தின் சோளக்காடு ஒன்றில் விழுந்து நொறுங்கியது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். மூன்று குழந்தைகளுக்குப் பலத்த காயம். இருட்டில், குளிரில் குழந்தைகளைத் தன்னால் முடிந்தவரை கவனித்துவிட்டு, சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்தி, அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே கிடைத்த சிகிச்சை அவரை அதிரவைத்தது. அந்த டாக்டர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல, பலத்த காயத்துடன் வருபவரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கையில் எதுவும் இல்லாமல் வயல்வெளியில் தான் செய்த முதலுதவி, அங்கே கிடைத்ததைவிட மேலானது என்று அவருக்குத் தோன்றியது.

அழுது ஓய்ந்த பிறகு, அந்த வரிசையை உருவாக்கும் வேலையில் சக டாக்டர்களுடன் இறங்கினார். 1978-ல் நெப்ராஸ்காவில் முதல் வகுப்பு நடந்தது. 1980-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் அமைப்பு அதைத் தன் பயிற்சியாக ஏற்றது. இன்று உலகமெங்கும் டாக்டர்கள் படிக்கும் ‘ஏ.டி.எல்.எஸ்’ பயிற்சி அதுதான்.

பல ஆண்டுகளாக அதன் சாரமாக இருந்தது ‘ஏ, பி, சி, டி, இ’. முதலில் மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா? அடுத்து சுவாசம், பிறகு ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாக உடைகளை அகற்றி முழு உடம்பையும் பார்ப்பது. எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் பார்க்க வேண்டும். கோணலாகத் தொங்கும் கால் நம்மை அலறவைக்கும். ஆனால், அடைத்துக்கொண்ட தொண்டை சத்தமில்லாமல் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அதனால்தான், “காலைப் பாருங்க டாக்டர்!” என்று நாம் கத்தும்போதும் அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேஷுவால்டி முதல் எம்.டி வரை

ஒரு காலத்தில் கேஷுவால்டி என்றால் பல இடங்களில் ‘யாருக்கு டூட்டியோ அவர் பார்ப்பார்’ என்பதுதான் நிலைமை. மருத்துவமனையிலேயே மிக மோசமான நிலையில் வரும் நோயாளியை, அங்கே இருப்பவர்களிலேயே அனுபவம் குறைந்த டாக்டர் பார்ப்பார். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. 1970-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகம்தான் எமர்ஜென்சிக்கென்று தனி மேற்படிப்புப் பயிற்சியை முதன்முதலில் தொடங்கியது.

இந்தியாவில் ‘எமர்ஜென்சி மெடிசின்’ தனித்துறையாக அங்கீகரிக்கப்பட்டது 2009-ல். எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் மூன்று ஆண்டுகள் எம்.டி படிக்கலாம். இந்தப் படிப்பில் ஊசி, டியூப், ஸ்கேன் மட்டும் கற்றுத்தருவதில்லை. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு செய்து ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். ‘ஜர்னல் க்ளப்’ என்று ஒன்று நடக்கும். புதிதாக வந்த ஓர் ஆய்வை எடுத்துவைத்துக்கொண்டு, ‘இதில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், நம்ம ஊர் நோயாளிக்கு இது பொருந்துமா?’ என்று கிழித்துத் தொங்கப்போடுவார்கள். ‘சீனியர் சொன்னார், செய்தேன்’ என்ற பழக்கத்தை உடைக்கும் இடம் அது. 30 வருட ஸ்டீராய்டு கதை திரும்ப நடக்காமல் இருக்க அதுவே காவல்.

இன்னொரு பக்கம், பொம்மையைப் படுக்கவைத்து ஒத்திகை. யார் மூச்சுக்குழாய், யார் ஊசி, யார் நேரம் குறிப்பது என்று வேலை பிரிப்பார்கள். “ட்ரானெக்ஸாமிக் ஒரு கிராம்” என்று தலைமை டாக்டர் சொன்னால், “ட்ரானெக்ஸாமிக் ஒரு கிராம் போட்டாச்சு, மணி 10.12” என்று பதில் வர வேண்டும். பதற்றத்தில் மூளை மறந்தாலும் வாயும் கையும் மறக்காத அளவுக்குப் பழக்குவார்கள்.

நம்ம ஊரில் நடந்த ஆய்வு

மாரடைப்புக்கும் இதே கடிகாரம்தான். இதயத்தின் ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சிறிய ஊரில் இருப்பவர், ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி சோதிக்கப்பட்டது. ‘தமிழ்நாடு ஸ்டெமி’ திட்டம். சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் பெரிய மருத்துவமனையோடு இணைத்தார்கள். இ.சி.ஜி-யை அங்கிருந்தே அனுப்பி ஆலோசனை பெறலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உள்ளூரிலேயே போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு மாற்றலாம். அங்கிருந்த டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

2,420 நோயாளிகளின் விவரங்கள் 2017-ல் அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின. திட்டத்துக்கு முன், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதம். திட்டத்துக்குப் பின் 14.2 சதவிகிதம். இது க்ராஷ்-2 போல பெட்டியில் எண் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, முன்பும் பின்பும் ஒப்பிட்டது. அந்த வகையில் சாட்சியம் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். ஆனால், புது மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், இருக்கும் மருந்தைச் சரியான நேரத்தில் கொடுக்க ஆட்களைப் பழக்கியதில் கிடைத்த பலன் இது.

விபத்துகளுக்கும் தமிழக அரசு 2017-ல் ‘டி.ஏ.இ.ஐ’ என்ற அவசர சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பதும், 108 ஆம்புலன்ஸிலிருந்தே மருத்துவமனைக்கு முன்தகவல் கொடுப்பதும் இதில் வந்தவை. ‘முதலில் வந்த என்னை விட்டுவிட்டு, பின்னால் வந்தவரை ஏன் பார்க்கிறார்கள்?’ என்ற கேள்விக்கும் பதில் அந்தச் சிவப்புதான்.

நம் பங்கு என்ன?

கேள்வியைக் கண்டுபிடித்தது ஆய்வு. அதை ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்கவைப்பது பயிற்சி. ஆனால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். எனவே...

* விபத்தைப் பார்த்தவுடன் 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பது உங்கள் போனிலேயே பதிவாகியிருக்கும். அந்த நேரத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

* பக்கவாத அறிகுறி என்றால், அதாவது வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது போல் தெரிந்தால், “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்று கேட்பார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. காலையில் எழும்போதே கை தொங்கியிருந்தால், இரவு தூங்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.

* நெஞ்சு வலி என்றால், வலி தொடங்கிய நேரம் முக்கியம். ‘கேஸ்தான், சரியாகிடும்’ என்று காத்திருந்த நேரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

* ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் சீட்டை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்திருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதை முதலில் சொல்லுங்கள்.

* போலீஸ் கேஸ் என்று பயந்து தாமதிக்காதீர்கள். அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, மற்ற நடைமுறைகள் பிறகுதான் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்பு தரும் பிரிவு, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டுவிட்டது.

அடுத்த முறை எமர்ஜென்சி வார்டில் ஒரு டாக்டர் உங்களிடம், “எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடக் கேட்கும் கேள்வி அல்ல அது, சிகிச்சையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. “ஒன்பது, ஒன்பதரை இருக்கும்” என்று இழுக்காமல், “ஒன்பது பத்துக்கு” என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்த உயிரைக் காப்பாற்றும் வேலையில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.